உங்கள் கட்டுரையில் விடுபட்ட சொற்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டீர்கள். தலைப்பு 'சைக்கிள் செயின் பராமரிப்பு'. அந்தச் சொல் தலைப்பில் இருக்கிறது, முதல் பத்தியில் இருக்கிறது, நடுவில் நாலைந்து இடத்திலும் வருகிறது. ஆனாலும் கூகுளில் தேடினால் கட்டுரை கண்ணில் படுவதில்லை. புதிதாக எழுத வருபவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: அதே சொல்லை இன்னும் பத்து இடத்தில் நுழைக்கிறார்கள். அது உதவாது. தேடுபவர்கள் தட்டும் முக்கியச் சொல்லைத்தான் கீவேர்டு என்கிறோம். கூகுள் தன் ஸ்பேம் கொள்கைகளில் கீவேர்டு திணிப்பைப் பெயர் சொல்லியே குற்றமாகச் சேர்த்திருக்கிறது.

செயினைப் பற்றி உண்மையிலேயே தெரிந்த ஒருவர் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல்சக்கரம் வரும், துரு வரும், தளர்வு வரும், எண்ணெய் வரும், கியர் வரும், பெடல் மிதிக்கும்போது எழும் சத்தம் வரும். அவர் இந்தச் சொற்களைத் தேடி எடுத்துச் சேர்க்கவில்லை. விஷயத்தைச் சொல்லப் போனால் அவை தாமாகவே வந்து நிற்கும். தொடர்புடைய கீவேர்டு என்று சொல்வது இவற்றைத்தான். நாம் இவற்றைத் தேடுவதற்கு ஒரே காரணம், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்வது. கிடைக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வாசகரின் கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் சொல் பயன்படும். பதில் இல்லாமல் சொல்லை மட்டும் தூவினால் பயன் இல்லை.

தேடுபொறி எதைப் பார்க்கிறது?

கொஞ்சம் பின்னணி தெரிந்திருந்தால் பிறகு வரும் படிகள் எளிதாகப் புரியும். பழைய காலத்தில், பக்கத்தின் நிரலுக்குள் கீவேர்டுகளை வரிசையாக எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த மெட்டா கீவேர்டு குறிப்பைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. 2012இல் நாலெட்ஜ் கிராஃப் வந்தது. சொற்களுக்குப் பதிலாக, உலகில் இருக்கும் பொருட்களையும் அவற்றுக்கிடையே உள்ள உறவையும் சேமிக்கும் முயற்சி அது. 2013இல் ஹம்மிங்பேர்ட், 2015இல் ரேங்க்பிரெய்ன், 2019இல் பெர்ட் என்று கூகுளின் தேடல் முறையில் அடுத்தடுத்து வந்த மாற்றங்கள், தேடும் வாக்கியத்தை முழுதாகப் புரிந்துகொள்ள முயன்றன. பெர்ட் முதலில் ஆங்கிலத்துக்கு வந்து, அதே ஆண்டின் இறுதியில் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது.

இதற்கெல்லாம் தேவை இருந்தது. ஒவ்வொரு நாளும் கூகுளில் தட்டப்படும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் ஒருமுறைகூடத் தேடப்படாதவை என்று அந்த நிறுவனமே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. இதுவரை யாரும் கேட்காத ஒரு வாக்கியத்துக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் பக்கம் எங்கே கிடைக்கும்? பொருளைப் புரிந்துகொண்டால்தான் பதில் தர முடியும்.

இங்கே ஒரு தவறான பெயரையும் சொல்லிவிட வேண்டும். எல்எஸ்ஐ கீவேர்டு என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். எல்எஸ்ஐ என்பது 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் உருவான ஒரு கணித முறை; எந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்து அவற்றின் தொடர்பைக் கணக்கிடும். கூகுளின் ஜான் முல்லர் 2019இல், எல்எஸ்ஐ கீவேர்டு என்று ஒன்று கிடையாது என்று நேராகவே சொன்னார். ஆகவே 'எல்எஸ்ஐ கீவேர்டு பட்டியல் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், அது வெறும் தொடர்புடைய சொற்களின் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் மந்திரம் எதுவும் இல்லை.

முதல் படி: கேள்வியை ஒன்றாகச் சுருக்குங்கள்

'சைக்கிள் செயின்' என்று தேடுபவர் புதிது வாங்க நினைக்கலாம், கழன்ற செயினை மாட்ட நினைக்கலாம், துருவை நீக்க நினைக்கலாம். மூன்று பேருக்கும் ஒரே கட்டுரை எழுதினால் மூன்று பேருக்குமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். உங்கள் கட்டுரை எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'செயின் சீக்கிரம் தேயாமலும் துருப்பிடிக்காமலும் வைத்துக்கொள்வது எப்படி?' என்பது போல.

பிறகு அதையே கூகுளில் தேடி, முதல் பக்கத்தில் வருபவை எந்த வகை என்று பாருங்கள். எல்லாம் விற்பனைப் பக்கங்களாக இருந்தால், தேடுபவர்கள் அந்தச் சொல்லை வாங்கும் எண்ணத்தில் தட்டுகிறார்கள் என்று அர்த்தம். அங்கே வழிகாட்டிக் கட்டுரை மேலே வருவது கடினம். சொல்லை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒரு தாளும் பேனாவும்

எந்தக் கருவியையும் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்லும் படி இது. கருவியை முதலில் திறந்தால் அது காட்டுவதே உலகம் என்று தோன்றிவிடும். விஷயம் தெரிந்த உங்களுக்கு மட்டும் தோன்றக்கூடிய சொற்கள் அப்புறம் வராது.

தாளின் நடுவில் முக்கியச் சொல்லை எழுதி, அதைச் சுற்றி உறவுகளை எழுதுங்கள். உறவு என்று நான் சொல்வது இப்படி: இதற்கு வேறு பெயர் என்ன? இது எதன் பகுதி? இதற்குள் என்ன பகுதிகள் இருக்கின்றன? இதை வைத்து என்ன செய்வார்கள்? அதற்கு என்ன சாமான் வேண்டும்? இதில் என்ன கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும்? எத்தனை நாளைக்கு ஒருமுறை? இதை எதோடு ஒப்பிடுவார்கள்?

செயினுக்கு இதைப் போட்டுப் பார்த்தால்: சங்கிலி என்பது வேறு பெயர். சைக்கிள், கியர், பெடல், பின்சக்கரம் ஆகியவை அது சேர்ந்திருக்கும் இடம். கண்ணி, முளை, உருளை ஆகியவை அதன் உள்பகுதிகள். துடைப்பது, எண்ணெய் விடுவது, இறுக்குவது, கழற்றுவது, மாற்றுவது ஆகியவை செயல்கள். பழைய துணி, பிரஷ், மண்ணெண்ணெய், செயின் ஆயில் ஆகியவை சாமான். துரு, தளர்வு, கழல்வது, சத்தம், பல் தேய்வது ஆகியவை சிக்கல். மழை, மணல், அதிக எண்ணெய் ஆகியவை காரணம். கிரீஸா ஆயிலா என்பது ஒப்பீடு.

பத்து நிமிடத்தில் முப்பது சொல் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமாக, சில சொற்கள் உங்களை நிறுத்தும். 'செயின் நீண்டுவிட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வதை எடுத்துக்கொள்வோம். இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுமா என்று வாசகருக்குச் சந்தேகம் வரும். உண்மையில் இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் முளைகள் தேய்ந்து, ஒவ்வொரு இணைப்பிலும் துளி இடைவெளி கூடி, மொத்தத்தில் செயின் நீளமாகிவிடுகிறது. புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு சாதாரண அளவுகோல் போதும், வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பாருங்கள், 'நீள்வது' என்ற ஒரு சொல்லைப் பின்தொடர்ந்ததில் கட்டுரைக்கு ஒரு முழுப் பகுதி கிடைத்துவிட்டது. தேய்மானம், அளவுகோல், கண்ணி, அங்குலம், மாற்றும் நேரம் ஆகிய ஐந்து தொடர்புடைய சொற்களும் திணிக்காமலே உள்ளே வந்துவிட்டன.

மூன்றாம் படி: தேடல் பெட்டியிடமே கேளுங்கள்

இனி கணினிக்கு வரலாம். உங்கள் பழைய தேடல்கள் முடிவுகளைப் பாதிக்காமல் இருக்க, மறைநிலைச் சாளரத்தில் கூகுளைத் திறந்துகொள்ளுங்கள். முக்கியச் சொல்லைத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, என்டர் அழுத்தாமல் நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் உண்மையான தேடல்களிலிருந்து வருபவை. அடுத்து 'எப்படி', 'ஏன்', 'எப்போது', 'எவ்வளவு', 'எது நல்லது' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். தமிழில் இன்னொரு நல்ல சாவி இருக்கிறது: 'லாமா' என்று முடியும் கேள்வி. 'செயினுக்கு கிரீஸ் போடலாமா', 'தண்ணீரில் கழுவலாமா' போன்ற கேள்விகளில்தான் வாசகரின் தயக்கம் வெளிப்படும். தயக்கத்தைத் தீர்க்கும் கட்டுரையை யாரும் பாதியில் மூடுவதில்லை.

கர்சரைச் சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தும் பார்க்கலாம். முன்னால் என்ன சேர்க்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

பிறகு தேடலை முழுதாகப் போட்டு, முடிவுப் பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். 'மற்றவர்கள் கேட்கும் கேள்விகள்' என்ற வகையில் ஒரு பெட்டி வந்தால், ஒரு கேள்வியைத் திறந்ததும் கீழே புதிய கேள்விகள் சேரும். தமிழில் எல்லாத் தேடலுக்கும் இந்தப் பெட்டி வராது. வராவிட்டால் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் தேடி, கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் அடியில் தொடர்புடைய தேடல்கள் இருக்கும். யூடியூபின் தேடல் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள். கையால் செய்யும் வேலைகளைப் பலர் அங்கேதான் தேடுகிறார்கள். சொல்லும் இன்னும் பேச்சுவழக்காக இருக்கும்.

நான்காம் படி: மேலே இருக்கும் பக்கங்களும் விக்கிப்பீடியாவும்

முதல் ஐந்து முடிவுகளைத் திறந்து, துணைத் தலைப்புகளை மட்டும் ஒரு இடத்தில் எழுதுங்கள். ஐந்திலும் வரும் விஷயம் எது, ஒன்றில் மட்டும் வரும் விஷயம் எது என்று பாருங்கள். எல்லாரும் சொல்வதை நீங்கள் விட்டிருந்தால், அது பெரும்பாலும் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்டது மூன்றாவது வகை: வாசகர் கேட்கிறார், ஐந்து பக்கத்திலும் பதில் இல்லை. அந்த இடம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது.

விக்கிப்பீடியாவில் உள்ளடக்கப் பட்டியலையும் கடைசியில் வரும் 'இவற்றையும் பார்க்க' பகுதியையும் பாருங்கள். துறைச்சொற்கள் அங்கே ஒழுங்காகக் கிடைக்கும்.

சாட்பாட்டிடமும் தொடர்புடைய சொற்களைக் கேட்கலாம், நொடியில் நூறு தரும். ஆனால் அது தருவது அந்த விஷயத்தோடு சேர்ந்து எழுதப்படும் சொற்கள். மக்கள் உண்மையில் தேடும் சொற்கள்தானா என்று அதற்குத் தெரியாது. அங்கே கிடைத்ததை மூன்றாம் படியில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எண்களை எப்படிப் படிப்பது?

கூகுள் ட்ரெண்ட்ஸ் இலவசம். இரண்டு சொற்களை ஒப்பிட அது நல்ல கருவி. 'மிதிவண்டி', 'சைக்கிள்' இரண்டையும் போட்டு எது அதிகம் தேடப்படுகிறது என்று பார்க்கலாம். அதில் வரும் 0 முதல் 100 வரையான எண் தேடல்களின் எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் தேர்ந்த காலத்தில் ஆர்வம் உச்சத்தில் இருந்த புள்ளியை 100 என்று வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். கீழே தொடர்புடைய தேடல்கள் இரண்டு விதமாக வரும்: அதிகம் தேடப்படுபவை ஒன்று, வேகமாக ஏறி வருபவை இன்னொன்று.

ஒரு சொல் மாதத்துக்கு எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் கீவேர்டு பிளானருக்கு கூகுள் விளம்பரக் கணக்கு வேண்டும். விளம்பரம் ஓட்டாதவர்களுக்கு அது துல்லியமான எண்ணைத் தராமல் '100 முதல் 1,000 வரை' என்பது போன்ற வீச்சைத்தான் காட்டும். தமிழ்ச் சொற்களில் பலவற்றுக்கு ஒன்றுமே காட்டாமலும் போகலாம். அதைப் பார்த்து யாரும் தேடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பரிந்துரைப் பெட்டியில் ஒரு சொல் வந்தால், அதை யாரோ தேடியிருக்கிறார்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும்

வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்படுவதால் இந்தப் பகுதி எங்கும் சரியாகக் கிடைப்பதில்லை. நம் மொழியில் ஒரே விஷயத்தைத் தேட நாலு கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, தமிழ்ச்சொல்லும் கடன்சொல்லும். சங்கிலி என்று எழுதுபவரும் உண்டு, செயின் என்று தேடுபவரும் உண்டு. பேச்சில் எது அதிகமோ அதைத் தலைப்பில் வையுங்கள். மற்றதை முதல் பத்தியில் இயல்பாக ஒருமுறை கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. செயின், செயினை, செயினுக்கு, செயினில் என்று ஒரே சொல் பல உருவத்தில் வரும். எல்லா இடத்திலும் உருபில்லாமல் 'சைக்கிள் செயின்' என்றே வர வேண்டும் என்று வாக்கியத்தை முறிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 'சைக்கிள் செயின் எண்ணெய் விடும் முறை' என்று எழுதினால் வாசிப்பவருக்கு முட்டும். 'செயினுக்கு எண்ணெய் விடும் முறை' என்றே எழுதுங்கள். தலைப்பில் ஒருமுறை முழுச் சொல் இருந்தால் போதும்.

மூன்றாவது, எழுத்து வேறுபாடு. எண்ணெய் என்பதை எண்ணை என்று தட்டுபவர்கள் ஏராளம். துருப்பிடித்தல், துரு பிடித்தல் என்று சேர்த்தும் பிரித்தும் எழுதுவார்கள். 'கழன்று விழுகிறது' என்பதைக் 'கழண்டு விழுது' என்று பேசுவது போலவே தட்டுவார்கள். தேடும்போது இந்த உருவங்கள் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு பரிந்துரை வரலாம். ஆனால் கட்டுரையில் பிழையான உருவத்தை எழுதாதீர்கள். பிழையோடு தேடுபவரும் சரியாக எழுதிய பக்கத்தைத்தான் நம்புவார். பிழைகளைப் புரிந்துகொள்வது தேடுபொறியின் வேலை.

நான்காவது, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது. கைப்பேசியில் இது சாதாரணம். பரிந்துரைப் பெட்டியில் அப்படியும் தட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் கிடைக்காத பேச்சுவழக்குக் கேள்விகள் அங்கே கிடைக்கும். அந்தக் கேள்வியை எடுத்து, நல்ல தமிழில் துணைத் தலைப்பாக எழுதுங்கள்.

ஆறாம் படி: பிரித்தெடுப்பது

இப்போது உங்களிடம் எண்பது, நூறு சொல் இருக்கலாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு மூன்றாகப் பிரியுங்கள்: இந்தக் கட்டுரைக்கு, வேறு கட்டுரைக்கு, தேவையில்லை.

முதல் இரண்டையும் பிரிப்பதில்தான் குழப்பம் வரும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு சொற்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். முதல் பக்கத்தில் பெரும்பாலும் அதே பக்கங்கள் வந்தால், தேடுபொறி இரண்டையும் ஒரே கேள்வியாகப் பார்க்கிறது. ஒரே கட்டுரையில் வைக்கலாம். முடிவுகள் முற்றிலும் வேறாக இருந்தால் தனிக் கட்டுரை எழுதுங்கள். 'செயின் துரு நீக்குவது' நம் கட்டுரைக்குள் வரும். 'புதிய செயின் மாட்டுவது' தனிக் கட்டுரை. நம்முடையதில் அதற்கு ஒரு இணைப்பு கொடுத்தால் போதும். 'கியர் சைக்கிள் விலை' நமக்கு வேண்டாம், எவ்வளவு பேர் தேடினாலும் வேண்டாம்.

ஏழாம் படி: கட்டுரைக்குள் கொண்டுவருவது

தேர்ந்த சொற்களைக் கேள்விகளாக மாற்றி, கேள்விகளை ஒரு ஒழுங்கில் வையுங்கள். வேலை செய்பவர் எந்த வரிசையில் சந்திப்பாரோ அந்த வரிசை: முதலில் துடைப்பது, பிறகு எண்ணெய், பிறகு அளப்பது. பெரிய கேள்விகள் துணைத் தலைப்பாகும், சிறியவை ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். ஒரு சொல் எத்தனை முறை வர வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அப்படி ஒரு கணக்கு கிடையாது.

'துரு, எண்ணெய், கிரீஸ், தளர்வு போன்றவை சைக்கிள் செயின் பராமரிப்பில் முக்கியமானவை' என்று ஒரு வாக்கியம் எழுதினால் நாலு சொல்லும் வந்துவிட்டன, ஆனால் வாசகர் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. 'எண்ணெய் விட்டபின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். மேலே தங்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்து, செயினை இன்னும் வேகமாகத் தேய்க்கும்' என்று எழுதிப் பாருங்கள். இதிலும் சொற்கள் இருக்கின்றன, கூடவே காரணமும் இருக்கிறது.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். சந்தேகம் வரும் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை. படங்களின் மாற்று உரையில் (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக எழுதும் விவரிப்பில்), படத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். 'அளவுகோலால் செயினை அளக்கும் கை' என்பது கீவேர்டு வரிசையைவிட எவ்வளவோ நல்லது.

எட்டாம் படி: வெளியிட்ட பிறகு

உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்திருந்தால், சில வாரங்கள் கழித்துச் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, அந்த ஒரு கட்டுரையை மட்டும் வடிகட்டுங்கள். எந்தெந்தத் தேடலுக்கு அது காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரி இடம் என்ன என்று தெரியும். 16 மாதத் தரவு வரை அதில் இருக்கும்.

இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் காட்டப்பட்ட எண்ணிக்கை, நிறைய இருந்தும் கிளிக் இல்லாத தேடல்களை முதலில் பாருங்கள். அந்தச் சொல் உங்கள் கட்டுரையில் இருக்கிறதா? இல்லாவிட்டால், நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றுக்குத் தேடுபொறி உங்களை உத்தேசமாகக் காட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு பத்தி எழுதிச் சேர்த்துவிடுங்கள். இருந்தும் கிளிக் வரவில்லை என்றால், பதில் அடியில் எங்கோ புதைந்திருக்கலாம், அல்லது தலைப்பு அதைச் சொல்லாமல் இருக்கலாம். திருத்திவிட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது மாற்றத்துக்கு முன், பின் என்று அந்த அறிக்கையிலேயே இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.